புயலுக்குப் பின் மணலில் கிடைத்தது யாருக்குச் சொந்தம்?

கேள்வி: அயர்லாந்தின் ஸ்லைகோ கவுண்ட்டியில் செவிலியராக இருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். 11 வயது மகனுக்கு அவன் மாமா பிறந்தநாள் பரிசாக ஒரு மெட்டல் டிடெக்டர் அனுப்பியிருந்தார். போன ஞாயிறு, புயல் ஓய்ந்த மறுநாள், ஸ்ட்ரீடா கடற்கரைக்குப் போனோம். அலை ஒதுக்கிய கரிய மரத்துண்டு ஒன்று கிடந்தது. இரும்பு ஆணியே இல்லை, மர ஆணிகள்தான் அடித்திருந்தார்கள். அப்புறம் டிடெக்டர் கத்திய இடத்தில் மகன் கிளறியதில் பச்சை பிடித்த ஓர் உலோகத் துண்டும் வந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, உலோகத் துண்டுக்கு 200 யூரோ தருகிறேன் என்று தன் எண்ணைக் கொடுத்தார். குடியுரிமை விண்ணப்பம் நிரப்பித் தரும் நம்மவர் ஒருவரோ, "போலீஸிடம் போனால் ஃபைல் அப்படியே நின்றுவிடும், பேசாமல் மணலில் புதைத்துவிடுங்கள்" என்கிறார். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய்விடலாம் என்பது கணவர் யோசனை. புளி போட்டுத் தேய்த்தால் என்னவென்று தெரிந்துவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: புதைக்க வேண்டாம், விற்க வேண்டாம், பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். புளி கூடவே கூடாது. கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக இதை எழுதிவிட்டேன், ஏனென்றால் கெடு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கடலோர ஊர்களில் குடியிருக்கும் மற்றவர்களுக்கும் நாளைக்கு இதே நிலை வரலாம் என்பதால் காரணங்களை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

கெடு என்றது 96 மணி நேரத்தை. அயர்லாந்தில் தொல்பொருள் ஒன்றைக் கண்டெடுத்தவர் நான்கு நாளுக்குள் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொல்லலாம், அல்லது பக்கத்துக் கார்டா நிலையத்தில், அதாவது அங்குள்ள போலீஸ் நிலையத்தில், சொல்லலாம். ஞாயிறு மதியம் எடுத்தீர்கள் என்றால் வியாழன் மதியம்வரை. இடையில் வங்கி விடுமுறை வந்தால் அலுவலகம் மூடியிருக்கும், கெடு மட்டும் மூடாது. சிற்றூர்க் கார்டா நிலையங்கள் பலவும் நாளுக்குச் சில மணி நேரம்தான் திறந்திருக்கின்றன. மக்களுக்கு மணிக்கணக்கில் கெடு வைக்கத் தெரிந்த அரசுக்கு, புயல் அடித்த வாரக் கடைசியில் தொலைபேசியை எடுக்க ஓர் ஆளை உட்கார வைக்கத் தெரியவில்லை. யாரும் எடுக்காவிட்டால் படத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் அதிலேயே இருக்கும்.

சட்டமும் ஒரே இடத்தில் இல்லை. 1930-இல் ஒன்று, 1954, 1987, 1994, 2004 என்று அதற்கு மேல் ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் புதிய சட்டம் ஒன்றை 2023-இல் நிறைவேற்றினார்கள், ஆனால் அதையும் பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்கு விடுகிறார்கள். எந்தப் பிரிவு இன்றைக்கு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க நமக்கே தலை சுற்றுகிறது என்றால், இரவுப் பணி முடித்து வரும் ஒரு செவிலியர் எப்படிப் பார்ப்பார்? அதனால் மணி நேரக் கணக்கில் இறங்காதீர்கள். கிடைத்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பொருள் யாருக்குச் சொந்தம்? உரிமையாளர் இன்னார் என்று தெரியாத தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவருக்கும் இல்லை, நிலத்துக்காரருக்கும் இல்லை. இது வழக்கு நடந்து தீர்ந்த விஷயம். 1980 பிப்ரவரியில் டிப்பரரி கவுண்ட்டியின் டெரினஃபிளான் என்ற இடத்தில், மெட்டல் டிடெக்டரோடு போன ஒரு தகப்பனும் மகனும் பழைய மடாலய மண்ணிலிருந்து வெள்ளிக் கிண்ணம் ஒன்றையும் கூடவே இருந்த வழிபாட்டுப் பாத்திரங்களையும் எடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, தொகை 50 லட்சம் பவுண்டுக்கும் மேல். 1987-இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. பொருள் அரசுடையது, கண்டெடுத்தவர்களுக்கு 50,000 பவுண்டு வெகுமதி என்று முடிந்தது. மெட்டல் டிடெக்டரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான்.

உங்கள் மரத்துண்டுக்கு வருவோம். வெறும் கட்டைதானே என்று நினைக்காதீர்கள். தொல்பொருள் என்றால் பொன்னும் வெள்ளியும் மட்டும் இல்லை. அதுவும் நீங்கள் நின்றது ஸ்ட்ரீடா. 1588 செப்டம்பரில், இங்கிலாந்தைப் பிடிக்க ஸ்பெயின் அனுப்பிய கடற்படையான அர்மடாவின் மூன்று கப்பல்கள், லா லாவியா, லா ஹூலியானா, சாந்தா மரியா தே விசோன், புயலில் சிக்கி அந்தக் கடற்கரையில்தான் உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உயிர் தப்பிய கேப்டன் பிரான்சிஸ்கோ தே குவேயார் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. உடைந்த கப்பல்களை 1985-இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கும் அரசுக்கும் நடந்த வழக்கு 90-கள் முழுக்க இழுத்தது. 2015-இல் குளிர்காலப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போனதில் மரத்துண்டுகள் கரை ஒதுங்க, உள்ளூர்க்காரர்கள் சொன்ன பிறகுதான் அரசின் நீரடித் தொல்லியல் பிரிவு இறங்கியது. லா ஹூலியானாவின் வெண்கலப் பீரங்கிகள் மேலே வந்தன. ஒன்றில் 1570 என்ற ஆண்டும் புனித மாத்ரோனாவின் உருவமும் இருந்தன. கரையில் கட்டையைப் பார்த்த யாரோ ஒருவர் அதை அடுப்புக்கு எடுத்துப் போகாமல் தகவல் சொன்னதால் வந்தது அது.

உங்களுடையதும் அர்மடாவா என்று கேட்காதீர்கள், படத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். அதே கடற்கரையில் 1770-இல் மூழ்கிய கிரேஹவுண்ட் என்ற கப்பலின் விலா மரங்களும் தண்ணீர் வடியும்போது தலை காட்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது கட்டைவிரல் பருமனுள்ள மர ஆணி. அதன் தலையைப் பிளந்து சின்ன ஆப்பு ஒன்று இறக்கியிருக்கிறார்கள், தண்ணீரில் ஊறி உப்பி இறுகிக்கொள்ளட்டும் என்று. பக்கத்தில் கப்பல் புழு துளைத்த ஓட்டைகள், உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. இந்த வேலைப்பாடு பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்ததுதான். மர வளையத்தை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால் காலம் தெரிய வாய்ப்பு உண்டு. 100 ஆண்டுக்கு மேல் பழைய எந்தக் கப்பல் சிதைவும் அங்கே சட்டப் பாதுகாப்பில் இருப்பது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அந்தப் பொருளை எடுத்திருக்கலாமா, கூடாதா? உங்கள் கடிதத்தில் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருந்த இடம் அது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பொது விதி, கண்ட இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும் என்பது. விட்டுவிட்டுப் போனால் அழிந்துவிடும், தொலைந்துவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் எடுத்துப் பாதுகாக்கலாம் என்று சட்டமே ஒரு விலக்கும் தருகிறது. கடற்கரையில் இந்த விலக்குத்தான் எல்லாருடைய வாயிலும். "தண்ணீர் வந்துகொண்டிருந்தது சார்" என்பார்கள். தண்ணீர் தினமும் இரண்டு தடவை வரத்தான் செய்யும். கேட்க வேண்டியது, இந்தப் பொருளை இந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகுமா என்பது. அலை ஒதுக்கிய, கையில் தூக்கக்கூடிய, மணல் மேல் தனியாகக் கிடந்த துண்டு என்றால் போகும். அடுத்த அலையில் அது எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதை எடுத்தது நியாயம். பாதி மணலுக்குள் நிலையாக நிற்கும் விலா மரம் என்றால் போகாது. முந்நூறு நானூறு ஆண்டாக அங்கேயே இருந்தது, இன்னும் ஒரு வாரம் இருக்கும். அதை ஆட்டிப் பிடுங்கினால் அந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது. மணல்மேட்டின் சரிவில் அலை அரித்த இடத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தால்? தானாக விழுந்து கிடந்தால் எடுக்கலாம். இன்னும் மேட்டுக்குள் இருந்தால் கையை வைக்காதீர்கள். அங்கே கிளறினால் தொல்பொருளோடு மணல்மேடும் சரியும். ஸ்ட்ரீடா மணல்மேடுகள் தனியாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. புல்வேர்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, அது அறுந்தால் அடுத்த புயலுக்கு மேடு தாங்காது. எடுத்தது எந்தக் காரணத்துக்காக என்றாலும் நேரே வீட்டு அலமாரிக்கு என்று ஆகிவிட்டால் விலக்கு செல்லாது. எடுத்தால் சொல்ல வேண்டும், உடனே. எடுப்பதற்கு முன் கைபேசியில் இரண்டு படம், ஒன்று பொருளுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, இன்னொன்று பின்னால் மலையோ பாறையோ தெரிகிற மாதிரி. கைபேசி காட்டும் இடக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத பொருள் தொல்லியல்காரர்களான எங்களுக்குப் பாதி ஊமை.

ஆக, மரத்துண்டில் உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. உலோகத் துண்டு விஷயம் அப்படி இல்லை, மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். தொல்பொருள் தேடும் நோக்கத்தில் அமைச்சரின் எழுத்து அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவது அயர்லாந்தில் குற்றம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் கையில் வைத்திருப்பதே குற்றம். தேடவில்லை, சும்மா விளையாடினோம் என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தேடியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தண்டனை 63,486 யூரோ வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. அந்தத் தொகை ஏன் இப்படி உடைந்த எண்ணாக இருக்கிறது என்று கேட்பீர்கள், பழைய 50,000 பவுண்டை யூரோவுக்கு மாற்றி அப்படியே விட்டுவிட்டார்கள்.

பயந்துவிடாதீர்கள். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் மேல் அங்கே மிகக் கொடிய குற்றங்கள் தவிர வேறு எதற்கும் வழக்குப் போட முடியாது. உங்கள் மகனுக்கு 11. பக்கத்தில் நின்ற பெரியவர்கள் நீங்கள், அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுங்கள்: பரிசாக வந்த கருவி, சட்டம் தெரியாது, கிளறியபோது வந்தது, தெரிந்ததும் சொல்கிறோம். பொருளையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தானாக வந்து சொன்ன ஒரு குடும்பத்தை யாரும் நீதிமன்றத்துக்கு இழுத்து நான் பார்த்ததில்லை. அதிகாரிகள் துரத்துவது ராத்திரியில் வந்து கோட்டைகளைத் தோண்டுகிறவர்களை. டப்ளினுக்கு வடக்கே லௌஷினி பக்கத்தில் ட்ரமனாக் கடல்முனைக் கோட்டையை அப்படித்தான் 80-களில் டிடெக்டர்காரர்கள் சூறையாடினார்கள்.

குடியுரிமைக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பதாரருக்கு நன்னடத்தை வேண்டும் என்கிறது. கண்டெடுத்த பொருளை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தது எந்த நாட்டு அகராதியிலும் துர்நடத்தை ஆகாது. கார்டா நிலையத்துக்குள் கால் வைத்தாலே ஃபைல் நின்றுவிடும் என்பது நம்மூர்க் காவல் நிலையத்தை மனதில் வைத்துக்கொண்டு பரப்பும் கதை. ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. தெரிந்தே மறைப்பது தனிக் குற்றம், தெரிவிக்காத தொல்பொருளை விற்பதும் வாங்குவதும் தனிக் குற்றம், ஏற்றுமதி உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது இன்னொன்று. விமான நிலைய ஸ்கேனரில் அந்தப் பச்சைத் துண்டு மாட்டினால் அன்றைக்கு நிஜமாகவே ஃபைல் நிற்கும். மனம் ஆறவில்லை என்றால் பதிவு பெற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு தடவை பேசுங்கள். விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர் வழக்கறிஞர் இல்லை. புதைக்கச் சொன்ன அறிவுரைக்கு அவர் கட்டணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால், கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள், அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கார் நிறுத்துமிடத்து ஆள் அதைவிட மோசம். 200 யூரோ கொடுத்து வாங்குகிறவருக்கு அது என்ன என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது, அதுதான் அவர் வியாபாரம். புயலுக்கு மறுநாள் கடற்கரையில் ஆட்கள் சுற்றுவது காற்று வாங்க மட்டும் இல்லை. இதே கூட்டம் ஃபேஸ்புக்கில் வேறு வேடத்தில் வரும். "அருமையான பொருள், எங்கே கிடைத்தது, இடத்தைச் சரியாகச் சொன்னால் என்னவென்று கண்டுபிடித்துத் தருகிறேன்" என்பார்கள். இடத்தைச் சொன்னால் மறுநாள் காலை அங்கே குழி இருக்கும். படம் போடுவதாக இருந்தால் அருங்காட்சியகம் பார்த்த பிறகு போடுங்கள், இடக் குறியீடு இல்லாமல்.

இன்னொரு பொறி, யூடியூப். மாமா அனுப்பிய கருவியோடு வந்த கையேடும், மகன் பார்க்கும் வீடியோக்களும் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள் செய்தவை. அங்கே நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பெரும்பாலான இடங்களில் தேடலாம், சங்கம் உண்டு, காப்பீடு உண்டு, அட்டை உண்டு. அந்தச் சட்டம் ஐரிஷ் கடலைத் தாண்டி வராது. ஸ்லைகோவிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வரும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு, கெடு வேறு. இங்கிலாந்துச் சங்க அட்டையை அயர்லாந்து "லைசென்ஸ்" என்று சொல்லிக் காசு பறிப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. இருப்பது அரசின் தேசிய நினைவுச்சின்னத் துறை தரும் எழுத்து அனுமதி மட்டும்தான், அதையும் பெரும்பாலும் அகழாய்வு செய்யும் தொல்லியலாளர்களுக்குத்தான் தருகிறார்கள். இதில் என்னை எரிச்சல்படுத்துவது, தொல்பொருள் தேட என்று சொல்லி டிடெக்டரை விளம்பரம் செய்வதே 1987 சட்டப்படி குற்றம். ஆனால் பெட்டியில் தங்க நாணயம் படம் போட்டு இணையத்தில் யார் வேண்டுமானாலும் விற்கலாம், யாரும் கேட்பதில்லை. நாய்க்கழிவை அள்ளச் சொல்லிப் பலகை வைக்கும் கடற்கரைகளில் இதைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் உங்கள் கடிதமே வந்திருக்காது.

பொருளை ஒப்படைக்கும்வரை வீட்டில் எப்படி வைப்பது? மரம் காயக் கூடாது. தண்ணீரில் பல காலம் கிடந்த மரத்துக்குள் தண்ணீர்தான் வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. ரேடியேட்டர் பக்கத்தில் வடகம் காய வைப்பது போல வைத்தால் சுருங்கிப் பிளந்துவிடும், திரும்ப ஒட்டாது. கடல் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டி, குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில் வையுங்கள். உலோகத் துண்டைத் தொடவே வேண்டாம். எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஒட்டியிருக்கும் மணலோடு, மூடி போட்ட டப்பாவில். மாமியார் சொன்ன புளி பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. இங்கே அந்தப் பச்சைப் படலத்தில்தான் எழுத்தோ கோடோ இருந்தால் மிஞ்சியிருக்கும், புளியின் அமிலம் முதலில் தின்பது அதைத்தான். வினிகர், பற்பசை, பீதாம்பரி எதுவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் தொல்பொருளைச் சுரண்டிச் சுத்தம் செய்வது 1930-இலிருந்தே அங்கே குற்றம்.

ஒப்படைத்த பிறகு என்ன நடக்கும்? ஒரு படிவம், சில கேள்விகள், அப்புறம் நீண்ட மௌனம். மாதக்கணக்கில் பதில் வராவிட்டால் கோபப்படாமல் இரண்டு வரி நினைவூட்டல் அனுப்புங்கள், ஆட்கள் போதாத துறை அது. ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்கி, குடியுரிமைத் தாள்களோடு ஒரு நகல் போட்டு வையுங்கள். வெகுமதி தருவது அருங்காட்சியக இயக்குநரின் விருப்பம். பொருளின் மதிப்பையும் எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்ப்பார்கள். டிடெக்டரில் வந்த துண்டுக்கு எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

மகனிடமிருந்து கருவியைப் பிடுங்கியதாக அவன் நினைக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. நினைவுச்சின்னத் துறை இணையத்தில் கப்பல் சிதைவு வரைபடம் ஒன்றை வைத்திருக்கிறது. அயர்லாந்துக் கடலில் மூழ்கியதாகப் பதிவான கப்பல்கள் 18,000 அளவில் இருக்கின்றன, இடம் தெரிந்து வரைபடத்தில் ஏறியவை அதில் ஒரு பகுதிதான். புயலுக்குப் பிறகு கண்ணால் பார்த்து, படம் எடுத்து, தகவல் சொல்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம். டிடெக்டரை மாமாவுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். கார் நிறுத்துமிடத்து ஆள் கொடுத்த எண்ணை மட்டும் அழிக்காதீர்கள், வாக்குமூலம் கொடுக்கும்போது கார்டாவிடம் அதையும் எழுதிக் கொடுங்கள்.